கடலூர் சிறையில் 24 நாட்கள்: தடைகளுக்கு நடுவே பாரதியார் நடத்திய இதழ்கள்

புவனகிரியிலிருந்து கடலூருக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்சியர் அலுவலகத்துக்கோ, நீதிமன்றத்துக்கோ, அரசு மருத்துவமனைக்கோதான் போகிறார்கள். அதே கடலூரில், 1918-ஆம் ஆண்டின் கடைசியில், தமிழின் பெருங்கவிஞர் ஒருவர் 24 நாட்கள் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். இந்தச் செய்தி நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. பத்திரிகை நடத்தினார், பாட்டு எழுதினார். அதுதான் அவர்மீது இருந்த குற்றம்.

சுப்பிரமணிய பாரதியாரை நாம் எல்லோரும் பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறோம். முண்டாசு, மீசை, மனப்பாடச் செய்யுள் என்ற அளவில் அவர் நம் நினைவில் நின்றுவிடுகிறார். அவர் ஒரு பத்திரிகையாசிரியர் என்பதையும், சொந்த மண்ணில் அச்சிட முடியாமல் எல்லை தாண்டிப் போய் அச்சிட்டவர் என்பதையும் நாம் அதிகம் பேசுவதில்லை. ஓர் அரசாங்கம் மக்களின் வாயைக் கட்டும்போது எழுத்து எப்படிப் பிழைக்கிறது? அதற்காக யார் யார் விலை கொடுக்கிறார்கள்? அந்த ஆட்சி போன பிறகு அந்த எழுத்துக்கு என்ன நேர்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பாரதியாரின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

எட்டயபுரத்திலிருந்து சென்னைக்கு

பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தை சின்னசாமி ஐயர், தாய் இலட்சுமி அம்மாள். ஐந்து வயதில் தாயை இழந்தார். 1897-இல் செல்லம்மாளுடன் திருமணம். அடுத்த ஆண்டு தந்தையும் மறைந்தார். சில ஆண்டுகள் காசியில் படித்தார். திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22 கூட நிறையவில்லை.

'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், 'தி இந்து' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவரிடம்தான் பாரதியார் தொழில் கற்றார். ஆங்கிலச் செய்திகளை நாள்தோறும் தமிழில் மொழிபெயர்ப்பதுதான் முக்கிய வேலை. உலகச் செய்திகளைச் சாதாரணத் தமிழில் சொல்லும் பயிற்சி அங்கே கிடைத்தது. ஆனால் தலையங்கத்தில் தன் கருத்தை எழுத இடம் கிடைக்கவில்லை.

1906 மே மாதம் 'இந்தியா' வார இதழ் தொடங்கியபோது அந்த இடம் கிடைத்தது. மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்த திருமலாச்சாரியார் அதன் உரிமையாளர். எழுத்துப் பொறுப்பு முழுவதும் பாரதியாரிடம் இருந்தது. அந்த இதழில் அதுவரை தமிழில் இல்லாத ஒன்றை அவர் செய்தார். முதல் பக்கத்தில் அரசியல் கருத்துப்படம் போட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தால் அரசு என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளலாம். இன்று எல்லாப் பத்திரிகைகளிலும் கருத்துப்படம் சாதாரணம். அன்று அது ஒரு துணிச்சல்.

பெயர் போட்டவர் சிறைக்குப் போனார்

அந்தக் காலத்து ஆங்கில அரசு இந்திய மக்கள் தேர்ந்தெடுத்த அரசு அல்ல. கேள்வி கேட்க முடியாத ஆட்சி அது. 1878-இல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் தனியாக ஓர் அடக்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அது நீக்கப்பட்டாலும், தேசத்துரோகச் சட்டம் எப்போதும் கையில் இருந்தது.

1908-ஆம் ஆண்டை இந்தியப் பத்திரிகைகளின் கைது ஆண்டு என்றே சொல்லலாம். மராத்தியில் 'கேசரி' நடத்திய திலகருக்கு ஆறு ஆண்டு தண்டனை கிடைத்து, பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார். அலிகாரில் 'உருதூ-யே-முஅல்லா' நடத்திய மவ்லானா ஹஸ்ரத் மோஹானி, எகிப்தில் ஆங்கிலேயர் நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்து வந்த ஒரு கட்டுரைக்காகக் கைதானார். கட்டுரையில் எழுதியவர் பெயர் இல்லை. யார் எழுதியது என்று அரசு கேட்டது. மவ்லானா சொல்லவில்லை. பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு கடுங்காவல் தண்டனை அனுபவித்தார். சிறையில் மாவு அரைத்தார். தமிழ்நாட்டில் வ.உ. சிதம்பரனாருக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் அதே ஆண்டு ஜூலையில் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது.

ஆகஸ்டில் 'இந்தியா' பத்திரிகைக்கு வாரண்டு வந்தது. அன்றைய சட்டப்படி ஒவ்வொரு பத்திரிகைக்கும் வெளியிடுபவர் இன்னார் என்று பதிவு செய்திருக்க வேண்டும். 'இந்தியா'வில் பதிவாகியிருந்த பெயர் எம். சீனிவாசன். எழுதியவர் பாரதியார், பெயர் இருந்தது சீனிவாசனுக்கு. போலீஸ் சீனிவாசனைக் கைது செய்தது. ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதியார் புதுச்சேரிக்குப் போனார்.

இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடக் கூடாது. பாரதியார் சிறைக்குப் போயிருந்தால் அடுத்த பத்து ஆண்டுகளில் தமிழுக்குக் கிடைத்த பெரும் படைப்புகள் நமக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே நேரம், அந்தப் படைப்புகளுக்கான விலையில் ஒரு பங்கை, கவிதை எதுவும் எழுதாத ஒரு மனிதர் சிறையில் இருந்து கட்டினார் என்பதும் உண்மை. இன்று பாரதியாருக்குச் சிலைகள் இருக்கின்றன, மண்டபங்கள் இருக்கின்றன. சீனிவாசனின் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்? தடை செய்யப்பட்ட எழுத்தின் வரலாற்றில் இப்படிப்பட்டவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அச்சுக் கோர்த்தவர், மூட்டை சுமந்தவர், கதவைத் திறந்துவிட்டவர் எல்லோரும் அதில் சேர்ந்தவர்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கடலூருக்கு வடக்கே சிறிது தூரத்தில் பிரெஞ்சு ஆட்சி தொடங்கியது. அங்கே ஆங்கிலேயப் போலீஸ் யாரையும் நேரடியாகக் கைது செய்ய முடியாது. பாரதியார் அங்கு போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, 1908 அக்டோபரில், 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்தது. மண்டயம் சகோதரர்கள் அதற்கு வழி செய்தார்கள். அடுத்து 'விஜயா' என்ற நாளிதழ், 'சூரியோதயம்' என்ற வார இதழ், 'கர்மயோகி' என்ற மாத இதழ் ஆகியவற்றிலும் பாரதியார் எழுதினார்.

அச்சிடுவது புதுச்சேரியில், படிக்க வேண்டிய மக்கள் இருப்பதோ ஆங்கிலேயர் ஆண்ட தமிழ்நாட்டில். எல்லையைத் தாண்டித்தான் இதழ்கள் வர வேண்டும். ஆங்கில அரசு புதுச்சேரிக்குள்ளேயே தன்னுடைய அஞ்சலகம் ஒன்றை நடத்தி வந்தது. அங்கே கடிதங்கள் பிரித்துப் பார்க்கப்பட்டன. சந்தா அனுப்புகிறவர் யார் என்பது போலீசுக்குத் தெரிந்துவிடும். ஊரில் வேவு பார்க்க ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள். பத்திரிகை வாங்குவதே ஆபத்தான காரியமாயிற்று. 1910-இல் புதிய அச்சகச் சட்டம் வந்தது. கெடுபிடி தாங்காமல் அந்த ஆண்டு மார்ச்சில் 'இந்தியா' நின்றது. மற்ற இதழ்களும் ஒவ்வொன்றாக அடங்கின.

அதே 1910 சட்டம்தான் பிறகு மவ்லானா அபுல் கலாம் ஆசாத் அவர்களையும் பிடித்தது. 1912-இல் கல்கத்தாவில் அவர் தொடங்கிய 'அல்-ஹிலால்' புகைப்படங்களும் அழகிய அச்சும் கொண்டு உருதுப் பத்திரிகையின் முகத்தையே மாற்றியது. அரசு முதலில் 2,000 ரூபாய் ஜாமீன் தொகை கேட்டுப் பறித்தது. பிறகு 10,000 ரூபாய் கேட்டு அதையும் பறித்தது. 'அல்-ஹிலால்' நின்றபின் 'அல்-பலாஃக்' தொடங்கினார். 1916-இல் அவரைக் கல்கத்தாவை விட்டே வெளியேற்றி ராஞ்சியில் காவலில் வைத்தார்கள். வங்கத்தில் மவ்லானா, புதுச்சேரியில் பாரதியார். மொழி வேறு, மார்க்கம் வேறு, இருவரையும் துரத்திய சட்டம் ஒன்று.

1911-இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நெருக்கடி இன்னும் கூடியது. பாரதியார் எழுதிய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய இரண்டு சிறு நூல்களைச் சென்னை அரசு அந்த ஆண்டு தடை செய்தது. இவற்றில் 'ஆறில் ஒரு பங்கு' தீண்டாமையைப் பற்றிய கதை. மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கினரை ஒதுக்கி வைத்துவிட்டு விடுதலை கேட்பது எப்படிப் பொருந்தும் என்று தன் சமூகத்தாரைப் பார்த்தே கேட்கும் கதை அது. 'கனவு' அவருடைய சொந்த வாழ்க்கையைச் சொல்லும் கவிதை. பயந்துபோன அரசு எதைத் தடை செய்வது என்று கூட நிதானிக்கவில்லை.

எழுத்தைத் தடை செய்ததோடு நிற்காமல், பொய் எழுத்தை உருவாக்கும் வேலையும் நடந்தது. புதுச்சேரியில் இருந்த மற்றொரு தலைவர் வ.வே.சு. ஐயரின் வீட்டுக் கிணற்றில், அரசுக்கு எதிரான தாள்கள் அடைத்த ஒரு ஜாடி போடப்பட்டது. அது வேலைக்காரப் பெண்ணின் கையில் தற்செயலாகக் கிடைத்தது. உடனே தாங்களே போய்ப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்ததால்தான் தப்பினார்கள்.

பிரெஞ்சு அரசும் ஒரு கட்டத்தில் நெருக்கடிக்கு இறங்கியது. வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் உள்ளூர்க் கௌரவஸ்தர்கள் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று 1911-இல் உத்தரவு வந்தது. ஆங்கில அரசின் கோபத்துக்கு ஆளானவர்களுக்காக யார் கையெழுத்துப் போடுவார்கள்? கலவை சங்கரன் செட்டியார் என்ற புதுச்சேரிப் பிரமுகர் முன்வந்தார். தானும் கையெழுத்திட்டு, மற்றவர்களிடமும் வாங்கிக் கொடுத்தார். ஐந்து கையெழுத்துகள் பாரதியாரைப் புதுச்சேரியில் இருக்கவைத்தன.

காகிதம் போக முடியாத இடத்துக்குப் பாட்டு போனது

பத்திரிகைகள் எல்லாம் நின்றுபோன பிறகுதான் பாரதியாரின் பெரிய படைப்புகள் பிறந்தன. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, வசன கவிதைகள் எல்லாம் புதுச்சேரியில் எழுதப்பட்டவை. வீட்டில் பல நாள் அரிசிக்கே திண்டாட்டம். செல்லம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல.

அரசு பயன்படுத்தும் கடினமான தமிழையோ, புலவர்கள் மட்டும் ரசிக்கும் செய்யுளையோ அவர் எழுதவில்லை. எல்லோரும் பாடக்கூடிய மெட்டு, எல்லோருக்கும் புரியும் சொல் என்பதைத் தன் கொள்கையாகவே வைத்துக்கொண்டார். யாப்பு இல்லாமல் உரைநடை போல ஓடும் கவிதையையும் எழுதிப் பார்த்தார். தமிழில் பின்னாளில் வந்த புதுக்கவிதைக்கு அது முன்னோடியாயிற்று. சில ஆண்டுகள் கழித்து 'சுதேசமித்திரன்' மீண்டும் அவருக்கு இடம் கொடுத்தபோது, காளிதாசன், சக்திதாசன் போன்ற புனைபெயர்களிலும் எழுதினார்.

எளிய பாட்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அச்சிட்ட தாளைப் போலீஸ் பறிமுதல் செய்யலாம். நெஞ்சில் இருப்பதைப் பறிமுதல் செய்ய முடியாது. திருக்குர்ஆனை நெஞ்சில் சுமக்கும் ஹாஃபிழ்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு மனனம் என்பதன் வலிமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரஷ்யாவில் ஸ்டாலின் காலத்தில் அன்னா அக்மதோவா என்ற பெண் கவிஞர், சிறைவாசலில் மகனுக்காகக் காத்து நின்ற நாட்களைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதினார். தாளில் வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. நெருங்கிய தோழிகள் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள், தாள் எரிக்கப்பட்டது. அந்தக் கவிதை அவருடைய சொந்த நாட்டில் அச்சானது 1987-இல். அப்போது அவர் இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் ரஷ்யாவிலும் போலந்திலும் தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்து எடுத்த பிரதிகளும், நிலவறைகளில் அச்சிட்ட சிறு நூல்களும் கைக்குக் கை மாறின. அவர்கள் அதைச் செய்வதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழர்கள் புதுச்சேரி எல்லையில் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

கடலூரில் கைது

1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போர் ஓய்ந்தது. பத்து ஆண்டுப் புதுச்சேரி வாழ்க்கை பாரதியாருக்கு அலுத்துவிட்டது. அங்கேயே இருந்து மடிவதைவிட, வருவது வரட்டும் என்று சொந்த ஊர்ப் பக்கம் திரும்ப முடிவு செய்தார். நவம்பர் 20 அன்று குடும்பத்துடன் எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே போலீசார் கைது செய்தார்கள்.

அப்போது கடலூர் தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர். நம் புவனகிரி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை எல்லாம் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. சிறையிலிருந்து பாரதியார் சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவுக்கு விடுதலை கேட்டு விண்ணப்பம் எழுதினார். வெளியே அன்னி பெசன்ட் அம்மையார், சி.பி. ராமசாமி ஐயர், 'சுதேசமித்திரன்' ரங்கசாமி ஐயங்கார் ஆகியோர் முயற்சி எடுத்தார்கள். டிசம்பர் 14 அன்று விடுதலை கிடைத்தது. ஆனால் நிபந்தனை இருந்தது. அரசு சொல்லும் பகுதியில்தான் தங்க வேண்டும். எதை எழுதினாலும் அச்சிடுவதற்கு முன் போலீஸ் ரகசியப் பிரிவின் அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும்.

பாரதியார் அந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டார். விண்ணப்பம் எழுதியதையும் நிபந்தனையை ஏற்றதையும் சொல்லி, அவர் பணிந்துவிட்டார் என்று பேசுகிறவர்கள் உண்டு. அப்படிப் பேசுவது எளிது. பத்து ஆண்டு வறுமை, உடல் தளர்ச்சி, மனைவி, இரண்டு மகள்கள், எதிரே சிறைக்கதவு. நிர்ப்பந்தத்தில் இருப்பவரின் சொல்லுக்கும் சுதந்திரமாக இருப்பவரின் சொல்லுக்கும் ஒரே சட்டம் கிடையாது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் தனியாகவே பேசுகின்றன. கழுத்தில் கயிறு போட்டவனைக் கேட்காமல், கயிறு விழுந்தவனிடம் போய் ஏன் குனிந்தாய் என்று கேட்பது நீதியல்ல. அந்த நிபந்தனைகளுக்கு நடுவிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

கடையமும் பொட்டல்புதூரும்

விடுதலைக்குப் பின் செல்லம்மாளின் ஊரான கடையத்தில் தங்கினார். பக்கத்தில்தான் பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் பெயர்பெற்ற பொட்டல்புதூர். 1920-இல் அங்கே முஸ்லிம்களின் கூட்டத்தில் இஸ்லாத்தின் மேன்மையைப் பற்றிப் பாரதியார் உரையாற்றினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை, அவர்களுடைய உறுதி, இறைவன் ஒருவனே என்ற நம்பிக்கை ஆகியவற்றைப் பற்றி மரியாதையோடு பேசினார். அல்லாஹ்வைப் போற்றும் பாடல் ஒன்றும் எழுதினார்.

இதே பாரதியார் 1906-இல் சிவாஜியைப் பற்றி எழுதிய கவிதையில் முஸ்லிம் ஆட்சியாளர்களைக் குறித்துக் கடுமையான சொற்கள் உண்டு. அதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை. 23 வயதில் எழுதியவர் 37 வயதில் எங்கே வந்து நிற்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

அதே 1920-இல் 'ரயில்வே ஸ்தானம்' என்ற கதையை எழுதினார். அதில் வரும் முஸ்லிம் இளைஞர் உடன்பிறந்த மூன்று சகோதரிகளை மணந்துகொண்டதாக எழுதியிருந்தார். ஸூரத்துன் நிஸாவின் சட்டப்படி இரு சகோதரிகளை ஒரே காலத்தில் மனைவியராக வைத்திருப்பது ஹராம். ஒரு முஸ்லிம் நண்பர் வந்து இதைச் சுட்டிக் காட்டினார். பாரதியார் வாதாடவில்லை. நண்பர் சொன்னதை ஒப்புக்கொண்டு, கதையைத் திருத்திப் படிக்கும்படி அச்சிலேயே விளக்கம் எழுதினார். போலீஸ் அதிகாரி தன் எழுத்தைத் திருத்துவதை வேறு வழியின்றிச் சகித்துக்கொண்ட மனிதர், பக்கத்து ஊர் முஸ்லிம் சொன்ன திருத்தத்தை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். ஒன்று தணிக்கை. மற்றொன்று வாசகரின் உரிமை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

நாற்பது நூல்கள் என்ற கனவு

கடையத்தில் இருந்தபோது அவர் போட்ட ஒரு திட்டத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தன் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள், மொத்தம் 4 இலட்சம் பிரதிகள் அச்சிட வேண்டும் என்று கணக்குப் போட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல ஒவ்வொரு வீட்டிலும் தன் புத்தகம் புழங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குப் பணம் திரட்ட நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கடிதம் எழுதினார். பணம் வரவில்லை. போலீசுக்குப் பயந்த காலம், புத்தகம் வாங்கும் பழக்கமும் குறைவு. திட்டம் காகிதத்திலேயே நின்றது.

1920-இன் கடைசியில் சென்னை திரும்பி மீண்டும் 'சுதேசமித்திர'னில் சேர்ந்தார். திருவல்லிக்கேணி கோயில் யானையால் தள்ளப்பட்டுக் காயமடைந்தார். அதிலிருந்து தேறினாலும் உடல் பலவீனமாகவே இருந்தது. வயிற்றுக் கடுப்பு நோய் கண்டு, 1921 செப்டம்பர் 12 அதிகாலையில் காலமானார். 39 வயது நிறையவில்லை. இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் இருபது பேர் கூட இல்லை என்பார்கள்.

மறைவுக்குப் பின்னும் தடை

கணவர் இறந்தபின் செல்லம்மாள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. 1922-இல் பாரதி ஆச்சிரமம் என்ற பெயரில் தானே பதிப்பகம் தொடங்கி, கணவரின் தேசியப் பாடல்களை வெளியிட்டார். அன்றைய காலத்தில் ஒரு விதவைப் பெண் பதிப்பாளராக நின்றது சாதாரணமல்ல. அலிகாரில் ஹஸ்ரத் மோஹானி சிறைக்குப் போனபோதெல்லாம் அவருக்காக வெளியே நின்று போராடிய மனைவி நிஷாத்துன் நிஸா பேகம் அவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தடை செய்யப்பட்ட எழுத்தைக் காப்பாற்றியதில் பெண்களின் பங்கு நாம் எழுதி வைத்திருப்பதைவிடப் பெரியது.

1928-இல் பர்மா அரசு பாரதியார் பாடல்களைத் தடை செய்தது. அதைத் தொடர்ந்து சென்னையிலும் போலீசார் புகுந்து பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். கவிஞர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியும் பயம் தீரவில்லை. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். அந்தத் தடையால் பாடல்கள் இன்னும் பரவின. எதையும் தடை செய்தால் மக்கள் அதைத் தேடிப் படிப்பார்கள் என்பது எல்லா ஆட்சியாளர்களும் தாமதமாகக் கற்கும் பாடம்.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. பாரதியார் எழுத்துக்கு விடுதலை கிடைத்ததா? உடனே கிடைக்கவில்லை. இப்போது தடுத்தது போலீஸ் அல்ல, பதிப்புரிமை. பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை கை மாறி, படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. நாடகக் கலைஞர் டி.கே. சண்முகம் அவர்களின் குழு தங்கள் படத்தில் பாரதியார் பாடலைப் பயன்படுத்தியபோது வழக்கு வந்தது. தேசத்தின் பாட்டு எப்படித் தனி ஒருவரின் சொத்தாக இருக்க முடியும் என்று எழுத்தாளர்கள் குரல் எழுப்பினார்கள். பாரதி விடுதலைக் கழகம் என்றே ஓர் அமைப்பு உருவானது. 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த அரசு, உரிமைகளைப் பெற்று அந்த எழுத்தை மக்களுக்கு உரியதாக்க முன்வந்தது. மெய்யப்ப செட்டியார் தன் உரிமையை விலை வாங்காமல் விட்டுக் கொடுத்தார். ஒரு கவிஞரின் படைப்புகளை அரசு வாங்கி மக்களுக்குக் கொடுத்தது உலகில் அரிதான காரியம்.

அதன் பிறகுதான் நாற்பது நூல்கள் என்ற அந்தக் கனவு பலித்தது. மலிவுப் பதிப்புகள் வந்தன. இன்று தமிழ்நாட்டில் எந்தப் பழைய புத்தகக் கடையிலும் பாரதியார் கவிதைகள் கிடைக்கும். தீப்பெட்டி போல வீடு வீடாகப் புழங்க வேண்டும் என்று அவர் நினைத்தது, அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து நடந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அடக்குமுறை ஆட்சி போய்விட்டால் எழுத்து தானாகச் சுதந்திரம் அடைந்துவிடும் என்று நினைக்கிறோம். பாரதியாரின் கதை அப்படிச் சொல்லவில்லை. விடுதலைக்குப் பிறகும் அந்த எழுத்தை மக்களிடம் கொண்டு சேர்க்க ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது, சுதந்திர இந்தியாவிலும் பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை திரும்பி வந்தது. அடைக்கப்பட்ட கதவு ஒரு தலைமுறை திறந்திருந்தால், அடுத்த தலைமுறையும் அதைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

எழுத்து ஓர் அமானிதம். எழுதியவர் மட்டும் அதற்குப் பொறுப்பாளி அல்ல. அதை அச்சிட்டவர், ஒளித்து வைத்தவர், மனனம் செய்தவர், கையெழுத்திட்டுக் காத்தவர், மறைவுக்குப் பின் பதிப்பித்தவர் என எல்லோருடைய கையும் சேர்ந்தால்தான் அது அடுத்த தலைமுறைக்கு வந்து சேருகிறது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியோடு அதைச் சுமந்து வந்தவர்களின் பெயர் வரிசையையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவரலாம். பாரதியார் பெயரைச் சொல்லும்போது, ஐந்து ஆண்டுத் தண்டனை பெற்ற சீனிவாசன், கையெழுத்து வாங்கிக் கொடுத்த சங்கரன் செட்டியார், பதிப்பகம் தொடங்கிய செல்லம்மாள் ஆகியோர் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

நம் சமுதாயத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் நடத்திய எத்தனையோ பழைய இதழ்கள், அரபுத் தமிழ் ஏடுகள், சிறு பிரசுரங்கள் இன்னும் பலருடைய வீட்டுப் பரணில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எந்த அரசும் தடை செய்யவில்லை, நம் கவனக்குறைவு மட்டுமே தடையாக இருக்கிறது. பரங்கிப்பேட்டையிலோ, புவனகிரியிலோ, லால்பேட்டையிலோ உங்கள் பாட்டனார் வைத்துப் போன பெட்டியில் அப்படி ஏதேனும் இருந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஊர் மதரஸாவிலோ நூலகத்திலோ காட்டுங்கள்.